ஒன்பதின் விலாசம்

"இன்னும் அஞ்சு நாள் குடுத்தா மட்டும் என்ன ஆகிடப் போகுது?"

"வந்துடும் மேடம்."

"என்ன வந்துடும்? பஸ்ஸா?"

"நம்பர் எழுத வந்துடும் மேடம். அவ மக்கு இல்ல. நூத்தி இருபத்தஞ்சு சொன்னா சரியா எழுதறா. எழுநூத்தி நாலு சொன்னா நடுவுல சைபர் போடறா. வகுப்புல பாதிப் பேருக்கு அது தெரியாது. ஆனா திடீர்னு ஒண்ணு சொன்னா எங்கேயோ போயிடறா."

"எங்க போறா?"

டீச்சர் தலைமையாசிரியையின் மேசைக்கு முன்னால் நின்றபடி கால் மாற்றிக்கொண்டாள். மேலே மாடியில் யாரோ பெஞ்சை இழுத்தார்கள். கூரையே பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். மாடி வகுப்பறைகளை மாற்றிப் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. இந்த வாரம் முழுக்க இதே இழுவைதான் என்று சொல்லியிருந்தார்கள்.

தலைமையாசிரியை சத்தம் ஓயும்வரை காத்திருந்தார். கெட்ட மனுஷி இல்லை. முப்பத்தொரு பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒன்று பின்தங்கினால் அதைக் கீழே இறக்கிப் பிடிமானம் கொடுப்பதே நல்லது என்று மனதார நம்புகிறவர்.

"வெள்ளிக்கிழமை நானே வர்றேன். பத்து நம்பர் சொல்லுவேன். வகுப்பு முழுக்க எழுதட்டும், அவளை மட்டும் தனியா நிறுத்த வேண்டாம். ஒரு நம்பர் ஒரு தடவைதான் சொல்லுவேன். திரும்பக் கேட்டா அது தப்புன்னு கணக்கு. பத்துல ஒன்பது சரியா இருந்தா அவ மூணாவதுலயே இருக்கட்டும். இல்லைன்னா திங்கக்கிழமையிலேர்ந்து ரெண்டாவதுல போய் உக்காரட்டும்."

"ரெண்டாவதுல அவ தங்கச்சி இருக்கா மேடம்."

"தெரியும்," என்றார் தலைமையாசிரியை. "தெரிஞ்சுதான் அஞ்சு நாள் குடுக்கறேன்."

அந்தப் பெண்ணை எல்லோரும் பொத்தான் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் அம்மா பொத்தான் அடைக்கும் கூடத்தில் வேலை செய்கிறாள். பொத்தானின் சட்டையில் எப்போதும் ஒரு பொத்தான் அதிகமாகவே இருக்கும், காலர் முனையில், எதற்கும் பயன்படாமல். பொத்தானுக்குத் தங்கை என்றால் ஊக்கு என்றுதானே பெயர் வரும், வந்துவிட்டது. ஊக்கு இரண்டாம் வகுப்பில் முதல் பெஞ்சு. எந்த நேரமும் வாய். பொத்தான் ஏற்கெனவே ஒரு வருஷம் காய்ச்சலில் இழந்து, தன் வயதுப் பிள்ளைகளை மேலே அனுப்பிவிட்டு, மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பவள்.

டீச்சர் வெளியே வந்தபோது பொத்தான் தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஊக்கு பக்கத்துல உக்கார வெச்சா நான் ஸ்கூலுக்கே வரமாட்டேன் டீச்சர்," என்றாள். அழவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

டீச்சருக்கும் பிள்ளைகள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: நடைவண்டி. ஓரிடத்தில் நிற்கமாட்டாள். பாடம் சொல்லும்போதும் நடை, திருத்தும்போதும் நடை, யோசிக்கும்போது கேட்கவே வேண்டாம். வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அன்று மாலை பள்ளி விட்டதும் நேரே பொத்தான் கூடத்துக்கு நடந்தாள்.

நீளமான ஒரு கூடம். நடுவே நீளமான ஒரு மேசை. மேசையின் இரு பக்கமும் பெண்கள். கொட்டிவைத்த பொத்தான் குவியலிலிருந்து விரல்கள் பொறுக்கி, ஓட்டை போட்ட அட்டையில் பத்துப் பத்தாகக் குத்தின. பத்து அட்டை சேர்ந்தால் ஒரு பெட்டி. பெட்டி மூடும் சத்தம் அங்கங்கே டப், டப் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் வாய்விட்டு எண்ணவில்லை.

"எண்ண மாட்டீங்களாம்மா?" என்று கேட்டாள் டீச்சர்.

பொத்தானின் அம்மா கையை நிறுத்தாமலே சிரித்தாள். "எண்ணினா தப்பிடும் டீச்சர். கை தானா எண்ணிக்கும். ஒரு ஓட்டை காலியா இருந்தாலும் அட்டையை எடுக்க விரல் வராது. ஒன்பது இருந்தா அது அட்டையே இல்ல, உதிரி."

டீச்சர் விஷயத்தைச் சொன்னாள். அம்மாவின் கை அப்போதுதான் நின்றது.

"பெரியவ லீவு நாள்ல இங்க வந்து என் பக்கத்துல உக்காந்து குத்துவா. ஒண்ணு தப்பாது. அவளுக்கா நம்பர் வராது?" குரலைத் தாழ்த்தினாள். "சின்னவ பொல்லாதவ டீச்சர். அக்கா அவ வகுப்புக்கு வந்துட்டான்னு தெரிஞ்சா, அப்புறம் எங்க வீட்டுல யாருக்கு யார் அக்கா?"

திரும்பும்போது கழித்துப்போட்ட பொத்தான்கள் ஒரு பையும், மூலை மடங்கிய அட்டைகளும், நசுங்கிய பெட்டிகளும் டீச்சரின் தோளில் தொங்கின. நடக்க நடக்கப் பை கிலுகிலுத்தது.

செவ்வாய்க்கிழமை வகுப்பே சந்தைக்கடை ஆனது. டீச்சர் மேசைகளை ஒதுக்கித் தரையில் எல்லோரையும் குழுக்குழுவாக உட்காரவைத்தாள். உதிரிப் பொத்தான் என்றால் ஒன்று. அட்டை என்றால் பத்து. பெட்டி என்றால் நூறு. அவள் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டியது, பிள்ளைகள் அடுக்கிக் காட்ட வேண்டியது. முந்நூற்று நாற்பத்தேழு என்றாள். மற்றவர்கள் பெட்டியைத் தேடும்போதே பொத்தான் அடுக்கி முடித்திருந்தாள்: மூன்று பெட்டி, நான்கு அட்டை, ஏழு உதிரி. விரல்கள் அம்மாவின் விரல்கள்.

"அறுநூத்தி எட்டு."

ஆறு பெட்டி. எட்டு உதிரி. நடுவில் ஒரு வெற்றிடம், அதைக் கையால் துடைத்துச் சுத்தமாகவும் வைத்தாள்.

"பாத்தீங்களா, பத்து வீட்டுல ஆளே இல்ல!" என்று டீச்சர் குதித்தாள். சந்தோஷத்தில் ஜன்னல் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பினாள். "இப்ப, தொண்ணூத்தி மூணு."

பொத்தான் மூன்று உதிரியை எடுத்துவைத்தாள். பிறகு பெட்டிகளை எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறுதான் இருந்தன. பக்கத்துக் குழுவிடம் போய் இரண்டு வாங்கிவந்தாள். இன்னொருத்தனிடம் ஒன்றைப் பிடுங்கினாள், அவன் கத்தினான்.

"என்ன பண்ற நீ?"

"பெட்டி பத்தல டீச்சர்."

வகுப்பு சிரித்தது. டீச்சருக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு நேரம் ஒழுங்காகச் செய்தவள் இப்போது விளையாடுகிறாளா? "கவனம் எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். பொத்தான் ஒன்பது பெட்டிகளையும் வந்த இடத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைசி வரைக்கும் காலர் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

டீச்சர் தன் அக்காவின் வீட்டில்தான் தங்கியிருந்தாள். இரண்டு அறை, ஒரு சமையலறை. நடப்பதற்குப் போதாத வீடு. கதவிலிருந்து அலமாரி வரை ஆறு எட்டு வைக்கலாம், திரும்பி ஆறு எட்டு.

"உக்காருடி," என்றாள் அக்கா. ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடும் வேலை அவளுக்கு. நாள் முழுக்க எண்களைக் கத்திவிட்டு வந்து, தொண்டைக்கு இதமாக வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். "தரை தேஞ்சா வீட்டுக்காரர் என்னைத்தான் கேப்பார்."

"மூணே மூணு நாள் இருக்குக்கா."

"எனக்கும்தான் இன்னிக்கு நாறிப்போச்சு. மைக் வேற சரியில்ல. தொண்ணூறுன்னு கூப்பிடறேன், நூறாம் நம்பர் ஆள் எழுந்து வந்து நிக்கறார். உங்களை இல்லைங்கன்னா, 'நூறுன்னு என் காதுல விழுந்துச்சும்மா'ன்னு சண்டைக்கு வர்றார். தினம் இதே கூத்து. பாதியைத்தான் காதுல வாங்கறாங்க. நீ என்னடி, ஏன் நின்னுட்ட?"

டீச்சர் நின்றுவிட்டாள். அந்த வீட்டுக்கு வந்த நாளாக அவள் நடுவழியில் நின்று அக்கா பார்த்ததில்லை.

"திரும்பச் சொல்லு."

"எதை? சண்டையையா?"

"நம்பரை."

"தொண்ணூறு," என்றாள் அக்கா, டோக்கன் குரலில்.

தொண்-ணூறு. டீச்சர் பைக்குள் கையை விட்டுப் பொத்தானின் நோட்டை இழுத்தாள். பக்கங்களை வேகமாகப் புரட்டினாள். இருபதிலிருந்து எண்பது வரை எங்கும் பிழையில்லை. தொண்ணூற்று மூன்று: 903. தொண்ணூற்று ஏழு: 907. தொள்ளாயிரத்து நாற்பது: 9040. கடைசிப் பக்கத்தில், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது: 9909.

அவள் எங்கேயும் போகவில்லை. சொன்ன இடத்துக்குத்தான் போயிருக்கிறாள். நூறு என்று காதில் விழுந்தது, நூறு வீட்டில் வைத்தாள். ஆயிரம் என்று விழுந்தது, ஆயிரம் வீட்டில் வைத்தாள். பத்து வீட்டில் ஆளில்லை என்று மறக்காமல் சைபர்கூடப் போட்டிருக்கிறாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பு மையில் டீச்சரின் கையெழுத்து: கவனக்குறைவு. எண்ணிப் பார்த்தாள். பதினோரு இடத்தில்.

"அக்கா, நான் ஒரு கழுதை."

"இதுக்கா ரெண்டு நாள் நடந்த? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

புதன்கிழமை டீச்சர் வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் மூன்று பெரிய கட்டங்கள் போட்டாள். வலது ஓரம் ஒன்றின் வீடு, நடுவில் பத்தின் வீடு, இடது ஓரம் நூறின் வீடு. பிள்ளைகளின் கழுத்தில் எண் அட்டைகள் தொங்கின. எண்ணைச் சொன்னதும் அவரவர் வீட்டுக்கு ஓட வேண்டும். ஆளில்லாத வீட்டுக்குச் சைபர் காவல். எல்லோரும் சைபராக இருக்கவே அடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் சைபருக்கு மட்டும் உட்கார நாற்காலி கொடுத்திருந்தாள். "நான் எழுந்தா வீடு இடிஞ்சிடும்!" என்று அந்தப் பையன் நாற்காலியை விட்டு எழவே மறுத்தான்.

பொத்தானுக்கு ஒன்பதைத்தான் மாட்டினாள்.

"தொண்ணூத்தி மூணு!"

மூன்று ஒன்றின் வீட்டுக்கு ஓடியது. பொத்தான் நூறின் வீட்டுக்கு ஓடினாள். சைபர் நடுவீட்டில் சப்பணமிட்டது. வகுப்பு கைகொட்டிச் சிரிக்க, டீச்சர் கையை உயர்த்தி அடக்கினாள்.

"ஏன் அங்க போன? திட்ட மாட்டேன், சொல்லு."

பொத்தான் இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தாள். "நீங்கதானே சொன்னீங்க? தொண்-ணூறுன்னு. நூறோட வீடு இதானே?"

சிரிப்பு அப்படியே நின்றது. முப்பது வாய்கள் முணுமுணுத்துப் பார்த்தன. தொண்ணூறு. தொண்-ணூறு. யாருக்கும் அதுவரை காதில் விழாதது இப்போது விழுந்தது.

"அப்போ தொள்ளாயிரம்?" என்றாள் டீச்சர்.

பொத்தான் கட்டங்களைப் பார்த்தாள். நூறுக்கு இடப்பக்கம் சுவர். சுவரில் கதவு. கொஞ்சம் யோசித்தாள், பிறகு கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்குப் போய் விறைப்பாக நின்றாள். ஆயிரத்தின் வீட்டை டீச்சர் வரையவில்லையே, அது வெளியேதானே இருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை அந்தப் பக்கம் வந்தார்.

"என்ன தப்பு பண்ணின? ஏன் வெளிய நிக்கற?"

"நான் தொள்ளாயிரம் மேடம்."

தலைமையாசிரியை கதவு வழியாக டீச்சரைப் பார்த்தார். தலையை ஆட்டியபடி போனார். அந்தத் தலையாட்டல் டீச்சரின் முதுகில் எறும்பாக ஊர்ந்தது.

உள்ளே வந்த பொத்தானிடம் பெட்டிகளையும் அட்டைகளையும் காட்டி விளக்கினாள். எண்பத்தொன்பதோடு ஒரு உதிரியைச் சேர்த்தால் ஒன்பது அட்டைதான் ஆகிறது, ஒரு பெட்டிகூட நிறையவில்லை, அதனால் தொண்ணூறு நூறு வீட்டில் கால் வைக்க முடியாது. பேர்தான் அப்படி. பொத்தான் பெட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். ஒன்பது அட்டையோடு பெட்டி லொடலொடத்தது. அந்தச் சத்தத்தை அவள் கை நம்பியது. தலையாட்டினாள். உதடு மட்டும் ஓயாமல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது...

மணி அடிக்கப் போகும் நேரத்தில் துள்ளி எழுந்தாள்.

"டீச்சர்! இவனும்தான்!"

"யாரு?"

"ஒன்-பது! இருபது, முப்பது மாதிரியே ஒன்பது! இவனும் பத்து வீட்டு ஆள் மாதிரியே பேர் வெச்சிருக்கான்!"

டீச்சர் வாய்விட்டு ஒன்பதைச் சொல்லிப் பார்த்தாள். கணக்குப் படித்து, கணக்குச் சொல்லிக்கொடுக்கப் படித்து, இருபத்து நாலு வயதுவரை ஒன்பது ஒன்பது என்று சொல்லியும் அவளுக்கு இது தோன்றியதில்லை. ஒன்று முதல் எட்டு வரை எல்லாம் ஒழுங்காகத் தன் தன் வீட்டில் இருக்க, ஒன்பது மட்டும் எங்கே போனாலும் அடுத்த வீட்டு விலாசத்தைச் சொல்லிக்கொண்டு திரிகிறது. அன்று சாயங்காலம் அக்காவின் வீட்டில் அவள் நடந்த நடை சந்தோஷ நடை.

வியாழக்கிழமை காலை எல்லாம் தலைகீழானது.

சரிபார்க்கலாம் என்று பத்து எண்கள் சொன்னாள். பொத்தான் தொண்ணூற்று மூன்றைச் சரியாக எழுதினாள். தொள்ளாயிரத்து நாற்பதைச் சரியாக எழுதினாள். வெறும் ஒன்பதைச் சொன்னபோது, இத்தனை நாளும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிய ஒன்பதை, 90 என்று எழுதினாள். நூற்று ஒன்பதை 190 என்று எழுதினாள். அவள் மட்டுமா, வகுப்பில் இன்னும் பதினோரு பேர் அதையே எழுதியிருந்தார்கள். நல்லா இருந்த பிள்ளைகளும் கெட்டுப்போயின. ஒன்பது என்றாலே எல்லோரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

டீச்சர் மதியம் சாப்பிடவில்லை. டிபன் பெட்டியைத் திறந்து, மூடி, காலி வகுப்பறையில் கட்டங்களின் மேல் நடந்துகொண்டிருந்தாள். ஒன்று, பத்து, நூறு, சுவர். நூறு, பத்து, ஒன்று. மாடியில் பெஞ்சு இழுபட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தொண்ணூறோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு குழந்தை கண்டுபிடித்துவிட்டது என்பதற்காக ஆடிப் பாடி, ஊரறிந்த ஒன்பதையும் அதற்கு அந்நியமாக்கிவிட்டாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"டீச்சர்."

பொத்தான் வாசலில் நின்றிருந்தாள். பின்னால் வராந்தாவில் ஊக்கு யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"கேக்குதா டீச்சர்? எந்த வகுப்புன்னு யார் கேட்டாலும் மூணாவதுன்னுதான் சொல்லுவா. பஸ்ல கேட்டாலும் அப்படித்தான். கடையில கேட்டாலும் அப்படித்தான். உக்கார்றது ரெண்டாவதுல."

"அவ கெடக்கா, சின்னப்பிள்ளை."

"இல்ல டீச்சர். ஒன்பது ஊக்கு மாதிரி."

டீச்சர் நின்றாள். இந்த வாரத்தில் இரண்டாவது முறை.

"வாயில சொல்றது மேல் வகுப்பு. உக்கார்றது கீழ் வகுப்பு. ஒன்பதுல பத்து பொய். தொண்ணூறுல நூறு பொய். தொள்ளாயிரத்துல ஆயிரம் பொய். ஒன்பது எங்க வந்தாலும் ஒரு படி கீழ இறக்கி உக்கார வெச்சுடணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்," என்றாள் டீச்சர்.

பொத்தானின் முகம் மெதுவாக மாறியது. அவள் சொன்னதை அவளே இன்னொரு தடவை கேட்டுக்கொண்டதுபோல இருந்தது. கட்டங்களைப் பார்த்தாள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து நானும் அப்படித்தான் சொல்லணும்ல? யாராச்சும் கேட்டா. மூணாவதுன்னு."

டீச்சர் அவள் கையில் சாக்பீஸைக் கொடுத்தாள். கரும்பலகையில் இருவரும் எழுதினார்கள், அழித்தார்கள், எழுதினார்கள். தொண்ணூறு. நூற்று ஒன்பது. தொள்ளாயிரத்து ஒன்பது. ஒன்பதைத் தொட்டதும் பொத்தானின் கை ஒரு கணம் தயங்கி, பிறகு ஒரு வீடு இறங்கியது. பத்தில் எட்டு முறை சரியாக இறங்கியது.

"எண்ணூறு?" என்றாள் டீச்சர்.

சாக்பீஸ் நின்றது. பொத்தான் கண்ணை மூடிக்கொண்டாள். "எட்டு பொய் சொல்லாது டீச்சர். எண்ணூறு நிஜ நூறு." எழுதினாள்: 800. பிறகு புருவம் சுருங்கியது. "ஆனா ரெண்டும் ஒரே மாதிரி கேக்குது. தொண்ணூறு, எண்ணூறு. வாலு ஒண்ணுதான். முதல் எழுத்தைக் காதுல பிடிக்கலைன்னா யாருன்னே தெரியாது."

"அப்போ முதல் எழுத்தை விட்டுடாத."

வெள்ளிக்கிழமை இரண்டாவது மணிக்குத் தலைமையாசிரியை வந்தார். கையில் நாலாக மடித்த ஒரு துண்டுத்தாள். நாற்காலியில் உட்காரவில்லை; கரும்பலகைக்கு முன்னால் நின்றார்.

"ஒரு தடவைதான் சொல்லுவேன். காதை இங்க வெச்சுக்கோங்க. திரும்பக் கேட்டா அந்த நம்பர் போச்சு."

டீச்சருக்கு அன்று பேசும் உரிமை இல்லை. நடக்கும் உரிமை மட்டும் இருந்தது. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். முதல் எண், இருநூற்றுப் பதினாறு. இரண்டாவது, ஐந்நூற்று மூன்று. மூன்றாவது, தொண்ணூற்று நாலு. கடைசி பெஞ்சைத் தாண்டும்போது கண்ணின் ஓரத்தால் பார்த்தாள்: 94. கால் தானாக வேகமாயிற்று. நான்காவது சரி. தொள்ளாயிரத்து இருபது ஐந்தாவது. 920 என்று உருண்டையாக எழுதியிருந்தாள்.

ஆறாவது, நூற்று ஒன்பது.

டீச்சர் அடுத்த சுற்று வரும்போது பொத்தான் 109 என்று எழுதியிருந்தாள். அதைத் தாண்டி இரண்டு எட்டு வைக்கும் முன் ரப்பர் தேயும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று முன்சுவர் வரை போனாள். திரும்பி வந்தபோது தாள் கிழியும் அளவுக்கு அழித்த இடத்தில் 190 இருந்தது. தலைமையாசிரியை ஏழாவதைச் சொல்லிவிட்டிருந்தார். இனி திருத்த நேரமில்லை. அந்தப் பிழை பொத்தானுடையது இல்லை, தன்னுடையது என்று டீச்சருக்குத் தெரியும். புதன்கிழமை தான் ஆடிய ஆட்டம் அது.

ஏழு சரி. எட்டு சரி. ஒன்பதாவது எழுநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. பொத்தான் விரலால் காற்றில் இரண்டு தரம் படி இறங்கிவிட்டு 799 என்று எழுதினாள். டீச்சருக்கு அவளை அங்கேயே தூக்கிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆக, ஒன்று போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒன்றில்தான் எல்லாம்.

"கடைசி நம்பர்," என்றார் தலைமையாசிரியை. தாளைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

மாடியில் பெஞ்சு இழுபட்டது. கூரை ஒருமுறை பல்லைக் கடித்து விட்டது.

"...ண்ணூத்தி ஏழு."

தாளை நாலாக மடித்தார்.

முப்பது தலைகள் குனிந்தன. முப்பது பென்சில்கள் எழுதின. டீச்சர் பெஞ்சுகளுக்கு நடுவே வந்தாள். முதல் வரிசையில் ஒருத்தி 97 என்று எழுதிவிட்டு அலங்காரமாக அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சைபராக இருந்த பையன் 807 என்று எழுதியிருந்தான். இருவருக்கும் துளி சந்தேகம் இல்லை. காதில் விழுந்த வாலைப் பிடித்து ஆளுக்கொரு தலையை ஒட்டவைத்திருந்தார்கள். டீச்சருக்கே தெரியவில்லை. எண்ணூறா, தொண்ணூறா? தன் காதையே உலுக்கிப் பார்த்தாள். பெஞ்சு இழுபட்ட சத்தம் மட்டும்தான் இருந்தது.

கடைசி பெஞ்சில் பொத்தானின் பென்சில் தாளைத் தொடாமல் நின்றிருந்தது. பத்தாவது வரி வெறுமையாக இருந்தது. அவள் உதடு அசைந்தது. எண். தொண். எண். தொண். நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஆனால் தலையை ஆட்டவும் இல்லை, எதை ஆட்டுவது? வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு நடக்கவும் வரவில்லை.

எதையாவது எழுதிவிடலாம். பாதிக்குப் பாதி. எழுதிவிட்டால் குறைந்தது கேட்ட குற்றமாவது இருக்காது. 'எழுதிடு கண்ணு' என்று டீச்சரின் உள்ளே ஒரு குரல் கெஞ்சியது. 'எழுதாதே' என்று இன்னொன்று.

"முடிச்சாச்சா? பென்சிலைக் கீழ வைங்க," என்றார் தலைமையாசிரியை.

முப்பது பென்சில்கள் மேசையில் விழுந்தன. பெஞ்சில் முழங்கால் இடிக்கும் சத்தம் கேட்டது. பொத்தான் எழுந்து நின்றாள். காலர் முனையில் இருந்த உபரிப் பொத்தானை ஒரு கை இறுகப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் பென்சில், கூர் தாளைப் பார்த்தபடி.

"என்ன?" என்றார் தலைமையாசிரியை. "என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு மேடம்." பொத்தான் உட்காரவில்லை. "நம்பர் வேண்டாம் மேடம். முதல் எழுத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்றீங்களா?"